‘ஆம்’ என்று எழுது!

தேர்வு எழுதியாயிற்று. உடல் தகுதியும் முடிந்தது. பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டாள். இனி ஆணை வர வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கும்போது கையில் ஒரு படிவம் வருகிறது. மத்திய அரசு வேலை என்றால் ‘அட்டெஸ்டேஷன் ஃபார்ம்’ என்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், குடியிருந்த முகவரிகள், படித்த பள்ளிகள் என்று ஓடிக்கொண்டிருந்த பேனா ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்ததுண்டா? நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா? தண்டனை பெற்றதுண்டா? ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே சொற்கள்: ஆம், இல்லை.

தம்பி, தங்கச்சி, பேனா நின்ற அந்த இடத்தில்தான் உன்னிடம் பேச வந்திருக்கிறேன். மலையைப் பெயர்த்துவிடு, வானத்தை வளைத்துவிடு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. ஆனால் அதைவிடக் கடினமானது. நடந்தது உண்மை என்றால் ‘ஆம்’ என்று எழுது. கை நடுங்காமல் எழுது. எழுதிவிட்டு, அந்த ‘ஆம்’ சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வை.

முதலில் உன் தலைமேல் இருப்பது என்னவென்று தெரிந்துகொள். பாதிப் பேருக்கு அதுவே தெரியாது. கோயில் திருவிழாவில் கைகலப்பு. பத்துப் பேர் மேல் வழக்கு. அதில் ஒன்பதாவது பெயர் உன்னுடையது. அன்றிலிருந்து நீ தலையைக் குனிந்துகொண்டே நடக்கிறாய். நிமிர்ந்து கேள். காவல் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கே அல்ல. மனு வந்ததற்கான ஒப்புகைதான் அது. எஃப்.ஐ.ஆர். என்பது விசாரணையின் தொடக்கம். உன்மேல் ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு அதில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. விசாரித்த பிறகு போலீசாரே பொய்ப் புகார் என்றோ, பொருண்மைப் பிழை என்றோ முடித்துவிடலாம். அப்படி முடியாவிட்டால்தான் குற்றப்பத்திரிகை, அதன் பிறகு சாட்சிகள், வாதம், தீர்ப்பு. தீர்ப்பில் குற்றவாளி என்று நீதிபதி எழுதும்வரை சட்டத்தின் கண்ணில் நீ குற்றமற்றவன். இத்தனை படிகள் இருக்க, முதல் படியிலேயே உனக்கு நீயே தீர்ப்பெழுதிக் கொண்டாயே, அந்த அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது?

ஒரு கணக்கைப் பார். 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்! இவர்கள் குற்றவாளிகள் என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஆனால் இவர்களில் ஒவ்வொருவரும் வெளியே வந்து வேலை கேட்கும்போது, ‘உள்ளே போய் வந்தவன்’ என்ற பெயரோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. வழக்கு தோற்றுப் போகலாம். பெயர் மட்டும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்த்துக் கோபப்படு. ஆனால் அந்தக் கோபம் உன்னைத் தின்றுவிட விடாதே, வேலை வாங்கு அதனிடம்.

சரி, ‘ஆம்’ என்று எழுதினால் வேலை போய்விடாதா என்று நீ கேட்பாய். போகலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பிறகு அகப்பட்டால் அநேகமாகப் போயே போய்விடும். இதில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2016 ஜூலை 21-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கொடுத்த தீர்ப்பு அது. ‘அவதார் சிங் தீர்ப்பு’ என்று சொன்னால் பணி வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும். கைது, வழக்கு, தண்டனை பற்றிக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றும் சொன்னது. சிறு வயதில் கோஷம் போட்டதைப் போன்ற அற்ப வழக்காக இருந்தால், அதை மறைத்திருந்தாலும்கூட மன்னித்துப் பணியில் வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு இடமுண்டு. உண்மையைச் சொன்னவனை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் குற்றத்தின் தன்மை, வயது, பதவி எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும். முக்கியமான ஒரு வரியையும் மறந்துவிடாதே: படிவத்தில் தெளிவாகக் கேட்டதற்குத்தான் பதில் சொல்லக் கடமை உண்டு. கேட்காததைச் சொல்லவில்லை என்று உன்மேல் பழி போட முடியாது. ஆகவே கேள்வியை இரண்டு முறை படி. தண்டனையை மட்டும் கேட்கிறதா, வழக்கையும் கேட்கிறதா, கைதையும் கேட்கிறதா என்று பார். கேட்டதற்கு நேராகப் பதில் எழுது.

அதற்கு முன்னால் 2011-இல் வந்த ஒரு தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. டெல்லிக் காவல் துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர். இருபது வயதுவாக்கில் ஓர் அடிதடி வழக்கில் மாட்டி, சமரசமாகி, விடுதலையானவர். முதல் விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை. தேர்வான பிறகு படிவத்தில் தானே எழுதினார். தேர்வை ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது வழக்கு. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, பசிக்கு ரொட்டி திருடியதற்காக ஆயுள் முழுவதும் திருடன் என்று துரத்தப்பட்ட ழான் வல்ழானை, விக்டர் ஹியூகோவின் அந்தக் கதாபாத்திரத்தை, தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டினார். இளம் வயதில் செய்த சிறு பிழைக்காக ஒருவனைச் சாகும்வரை குற்றவாளி என்று முத்திரை குத்தி வைக்காதீர்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இளைஞர் ஜெயித்தார். 2022-இல் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் வழக்கிலும், தகவல் விடுபட்டது என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இவர்களுக்கெல்லாம் பின்னால் பெரிய ஆள் பலம் இருந்ததா? தன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று நம்பினார்கள். நம்பிவிட்டு வீட்டில் உட்காரவில்லை, கோர்ட் படி ஏறினார்கள்.

மறைத்துவிடலாம் என்று மட்டும் கனவு காணாதே. அந்தக் காலம் போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்மேல் என்ன வழக்கு என்று தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த உத்தரவு அது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் வந்து விழுகின்றன. ஐ.டி. நிறுவனங்கள், வங்கிகள், வாகனச் செயலிகள் எல்லாம் ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்’ என்று தனி நிறுவனங்களிடம் இந்தத் தேடலை ஒப்படைக்கின்றன. தமிழ்நாடு காவல் துறையே ஆளைச் சரிபார்த்துத் தரும் சேவையை இணையத்தில் நடத்துகிறது. காவலாளி வேலைக்குக்கூட 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி முன்நடத்தை பார்க்க வேண்டும். எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நீ பார். உன் பெயரைப் போட்டு நீயே தேடு. உன் பெயரும் தகப்பனார் பெயரும் கொண்ட வேறு ஒருவருடைய வழக்கு உன் கணக்கில் ஏறலாம். முருகன் மகன் குமார் என்று நம் ஊரில் எத்தனை பேர்! விடுதலையாகி வருஷக் கணக்கான பின்னும் பதிவேட்டில் ‘நிலுவை’ என்றே கிடக்கலாம். தீர்ப்பு நகலோடு காவல் நிலையத்துக்குப் போய்த் திருத்தக் கேள், அசையாவிட்டால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடு. மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதே.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விழும் குழி இது. மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தா. காலை பத்தரை மணி. பெட்டி கேஸ். ‘எதுக்குப்பா அலையுற, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ, இன்னையோட முடிஞ்சிடும்’ என்று தோளில் கை போட்டு ஒருவர் சொல்வார். சில நூறு ரூபாய்தான். ஒரு நாள் கூலி போகாமல் மிச்சம். நீயும் ‘ஆமாங்கய்யா’ என்று தலையாட்டிவிட்டு, பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவாய். அன்றோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? அன்றுதான் தொடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது சட்டத்தின் பார்வையில் தண்டனை. விசாரணை நடந்திருந்தால் சாட்சி இல்லாமல் தள்ளுபடி ஆகியிருக்கக் கூடிய வழக்கில், நீயே உன் கையால் ‘தண்டனை பெற்றவன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாய். பிறகு வரும் எல்லாப் படிவங்களிலும் அபராதம், தண்டனை என்ற இரண்டு கேள்விகளுக்கும் நீ ‘ஆம்’ போட வேண்டும். செய்யாத குற்றத்தை அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ளாதே. ‘நான் குற்றம் செய்யவில்லை, வழக்கை நடத்துகிறேன்’ என்று நீதிபதியிடம் சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையா? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணை உன் போனில் பதிந்து வை.

விடுதலை ஆவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காவல் பணிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணிகளுக்கான விதிகளில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. ‘சந்தேகத்தின் பலன்’ கொடுத்து விடுவிக்கப்பட்டாலும், புகார்தாரர் பிறழ் சாட்சி ஆனதால் விடுவிக்கப்பட்டாலும், அந்த ஆள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் இந்த விதியைச் செல்லும் என்றது. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை, உரக்கவே சொல்கிறேன். புகார் கொடுத்தவர் மனம் மாறியதற்கும், அரசுத் தரப்பு வழக்கை நிரூபிக்காமல் விட்டதற்கும் ஓர் இளைஞன் ஆயுள் முழுவதும் ஏன் கடன்பட வேண்டும்? ஆனாலும் விதி இருக்கிறவரை விதியைத் தெரிந்துகொண்டு போராடு. வழக்கு முடியும்போது ‘விடுதலை ஆயிட்டோம், போதும்’ என்று ஓடிவராதே. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படி. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறாரா, சந்தேகத்தின் பலன் என்று எழுதியிருக்கிறாரா? உன் எதிர்காலம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வை. அடிப்படையே இல்லாத வழக்கு என்றால் விசாரணை வரை காத்திருக்காமல், உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். கூட்டம் சேர்ந்தார்கள், அரசு ஊழியரின் உத்தரவை மீறினார்கள் என்று அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் போட்ட வழக்குகளைப் போலீசார் தாமாக எஃப்.ஐ.ஆர். ஆக்க முடியாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், எத்தனையோ போராட்டக்காரர்களின் வழக்குகள் அந்தத் தீர்ப்பைக் காட்டியே உடைந்தன.

வழக்கு ஒன்று வந்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வ.உ.சி.யை நினைவுபடுத்து. கப்பல் ஓட்டிய கதையை எல்லாரும் சொல்வார்கள். சிறைக்கு வெளியே அவர் பட்ட பாட்டைச் சொல்பவர்கள் குறைவு. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்குக் கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, கோவையிலும் கண்ணூரிலும் சிறையில் இருந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வந்தவருக்குத் தொழில் இல்லை. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் சன்னத்து பறிக்கப்பட்டிருந்தது. ஊரே கைகூப்பிய வக்கீல், சென்னையில் மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். இன்றைய சொல்லில் சொன்னால், குற்றப் பதிவு காரணமாகத் தொழிலை இழந்த மனிதர் அவர்.

அவர் என்ன செய்தார்? சிறையில் இருந்த காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். இன்று நாம் தன்னம்பிக்கை நூல் என்று அடுக்கி வைத்திருப்பவற்றுக்கெல்லாம் தமிழில் அது மூத்த வரிசையில் வரும். ‘மெய்யறம்’ எழுதினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க உழைத்தார். சன்னத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத அந்த மனிதர் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். மறுபடி கறுப்புக் கோட்டுப் போட்டு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார். தண்டித்தவர்களின் நீதிமன்றத்துக்குள்ளேயே நிமிர்ந்து நடந்து போனார். அவருக்கு முதலில் விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. உன் மேல் இருப்பது என்ன?

ஒருவரை மட்டும் அல்ல, ஊரையே பதிவேட்டில் ஏற்றிய நாடு இது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. எந்தத் தப்பும் செய்யாதவனும், பிறந்த சாதியின் பெயரால் காவல் நிலையத்தில் விரல் உருட்டிக் கைரேகை வைக்க வேண்டும். வயது வந்த ஆண்பிள்ளை இரவில் தன் வீட்டில் தன் பாயில் படுக்க முடியாது. வெளியூருக்கு வேலைக்குப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அடுத்த ஊர் எல்லையில் அகப்பட்டால் அதுவே குற்றம். அந்த மனிதன் எங்கே போய் எப்படிக் கூலி தேடுவான்? உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ‘ரேகை வைக்க மாட்டோம்’ என்று ஊரே திரண்டு நின்றது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. விரலை நீட்ட மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும், ஏன், அதே காவல் துறையிலும் இருக்கிறார்கள். பதிவேட்டில் எழுதியது கல்வெட்டு என்று அவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் போய்விட்டாலும் அதன் பழக்கம் போகவில்லை என்பதும் உண்மை. ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று குறவர்களையும் இருளர்களையும் கேட்டுப் பார்.

போராடியதற்காக வந்த வழக்குகள் தனி. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை மக்களில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள் குவிந்தன. கடலை விட்டால் வெளிநாட்டு வேலை என்று இருந்த பையன்களுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே அரசுக்குச் சொன்னது. தூத்துக்குடியில் 2018 மே 22-இல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டை நாடே பார்த்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 2021 மே மாதம் வந்த பிறகு, பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. கைதானவர்களின் மேற்படிப்புக்கும் வேலைக்கும் குறுக்கே நிற்காதபடி தடையில்லாச் சான்று தரவும் உத்தரவானது. அந்தத் தடையில்லாச் சான்று என்ற ஏற்பாட்டை மனதில் குறித்துக்கொள். தானாக வந்ததா அது? கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், கிடைத்தது. ஊரடங்குக் காலத்தில் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளையும் 2021 பிப்ரவரியில் ஒரே அறிவிப்பில் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். பத்து லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெற மனம் இருந்தால் வழி இருக்கிறது என்றுதானே பொருள்? பாஸ்போர்ட்டுக்கும் வழி உண்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவோடு விண்ணப்பிக்கலாம் என்று 1993 முதல் மத்திய அரசின் அறிவிக்கை இருக்கிறது.

இதுவரை செய்யாத குற்றம், சிறிய குற்றம் என்றே பேசிவிட்டேன். உண்மையிலேயே தப்புச் செய்து, தண்டனை அனுபவித்து வந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். நீதிபதி விதித்த தண்டனைக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அந்த நாள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு நாள்கூட உங்களைத் தண்டிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை. பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது என்றால், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. பதினாறைக் கடந்த பின் செய்த கொடிய குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டிருந்தால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள் உங்கள் வழக்கறிஞரை. இவை இரண்டுக்கும் வெளியே, வயது வந்த ஒருவரின் பழைய தண்டனை இத்தனை ஆண்டுக்குப் பின் அற்றுப்போகும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிரிட்டன் 1974-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் சொந்தக்காரர்கள் வாழும் சிங்கப்பூரில், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர் ஐந்தாண்டு சுத்தமாக இருந்தால், சில கடுங்குற்றங்கள் தவிர, அந்தப் பதிவு அற்றதாகிவிடும். ‘எனக்குக் குற்றப் பதிவு இல்லை’ என்று சட்டப்படியே சொல்லலாம். 2004 முதல் மஞ்சள் நாடா இயக்கம் என்று ஊர் முழுக்க நாடா கட்டி, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று அந்த அரசாங்கமே கேட்கிறது. அப்படி ஒரு சட்டத்தை நம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்கும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். அனுபவித்தவன் கேட்டால்தான் அதற்கு வலு.

வேலை செய்து காட்டுவதைப் போன்ற பதில் வேறில்லை. தமிழ்நாட்டில் சிறைத் துறை நடத்தும் ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்க்குகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கு பெட்ரோல் போட்டு, பணம் வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுப்பவர் ஒரு தண்டனைக் கைதி. 2023 ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க்கும் திறந்தார்கள். தீப்பிடிக்கும் பொருளையும் கல்லாப் பெட்டியையும் தண்டனை முடியாதவர் கையிலேயே நம்பி ஒப்படைக்கிறது அரசாங்கம். தண்டனை முடிந்து வந்தவரை நம்ப ஒரு மளிகைக் கடைக்காரர் ஏன் தயங்க வேண்டும்?

முதலாளிமார்களே, எச்.ஆர். அறையில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் ஒரு சோதனை நடத்தி, 2003-இல் முடிவை வெளியிட்டார். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரிப் பேச்சுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். வெள்ளை இளைஞர்களில் குற்றப் பதிவு இல்லாதவர்களுக்கு நூற்றுக்கு 34 இடங்களில் அழைப்பு வந்தது; பதிவு உண்டு என்றவர்களுக்கு 17. கறுப்பின இளைஞர்களில் பதிவு இல்லாதவர்களுக்கே 14. பதிவு இருந்தால் 5. எந்தத் தப்பும் செய்யாத கறுப்பு இளைஞனைவிடச் சிறைக்குப் போய்வந்த வெள்ளை இளைஞனுக்கு அங்கே மதிப்பு அதிகம். கறுப்பு என்ற இடத்தில் நம் ஊர்ச் சாதிப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்துப் பாருங்கள். நீங்கள் சரிபார்ப்பது குற்றத்தையா, ஆளின் பிறப்பையா? குழந்தைகளைத் துன்புறுத்தியவரைப் பள்ளி வேனில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. வங்கிப் பணத்தைக் கையாடியவரைக் காசாளர் ஆக்கச் சொல்லவும் இல்லை. பத்தாண்டுக்கு முந்திய திருவிழாச் சண்டைக்கும் உங்கள் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அறிக்கையில் சிவப்புக் குறி வந்தால் ஆளைக் கூப்பிட்டு விசாரியுங்கள். விளக்கம் கேட்காமல் மெயிலில் வாசலைச் சாத்தாதீர்கள்.

தம்பி, அவர்கள் கூப்பிட்டுக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? அழக்கூடாது, கதை அளக்கக்கூடாது, எதிராளியைத் திட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நான்கு வாக்கியம் போதும். ‘சார், ஊர்ல நடந்த ஒரு தகராறுல என் பேர் சேர்ந்து கேஸ் ஆச்சு. கோர்ட்ல நடத்தி விடுதலை ஆயிட்டேன், தீர்ப்பு நகல் இது. அதுக்கப்புறம் எந்தப் பிரச்சனையும் இல்ல. இந்த வேலையை நான் நல்லா செய்வேன், மூணு மாசம் பாருங்க.’ கண்ணைப் பார்த்துச் சொல். தண்டனை பெற்றிருந்தால் அதையும் இதே குரலில் சொல். வீட்டுக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகு, நாக்கு தடுமாறாமல் வரும்வரை. ஒரு கம்பெனி மறுக்கும். இன்னொன்றும் மறுக்கும். அரசு வேலை என்றால் மறுத்த ஆணையை எழுத்தில் வாங்கு. காரணம் சொல்லாத ஆணை உயர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். தனியார் வேலை என்றால் அடுத்த கதவைத் தட்டு. தட்டுவதை நிறுத்திவிட்டால் மட்டும்தான் நீ தோற்றவன்.

நாளைக் காலை பத்து மணிக்கு உன் வழக்கு நடந்த கோர்ட்டுக்குப் போ. காப்பி அப்ளிகேஷன் போட்டு, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சர்ட்டிஃபைடு காப்பி வாங்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போடு. வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் அடுத்த வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு வந்து வக்கீலைப் பார். அப்புறம் அந்தப் படிவத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுது.